டயாலிசிஸ் என்ன செய்கிறது, மாற்றுச் சிறுநீரகம் எதற்கு?

"டயாலிசிஸ்ல போட்டுட்டாங்களாம், இனிமே அவ்வளவுதான்." எங்கள் சித்தப்பாவைப் பற்றி ஊரில் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதே வாரத்தில் வீட்டுக்கு வந்த இன்னொரு உறவினர், "நாலு தடவை ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டா கிட்னி பழையபடி ஆயிடும், பயப்படாதீங்க" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார். இரண்டுமே தவறு. இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் ஆடிக்கொண்டு எங்கள் குடும்பம் ஏறக்குறைய ஐந்து மாதங்களை வீணாக்கியது. அந்த ஐந்து மாதம் கையில் இருந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று பிறகுதான் புரிந்தது. இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் அப்படி ஆகக் கூடாது என்பதால்தான், நான் கற்றுக்கொண்டதை முடிந்தவரை எளிமையாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்புக்கான முடிவை உங்கள் சிறுநீரக மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவர் சொல்வது புரிய வேண்டுமென்றால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

சிறுநீரகம் வெறும் வடிகட்டியா?

டீ வடிகட்டி மாதிரி, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு நல்லதை விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நடப்பது வேறு. போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். என்ன செய்வோம்? குப்பையை மட்டும் தேடித் தேடிப் பொறுக்க மாட்டோம். சாமான்களையெல்லாம் வாசலுக்கு எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோவோம், கடைசியில் வாசலில் மிஞ்சுவதுதான் குப்பை. சிறுநீரகமும் அப்படித்தான். ரத்தத்திலிருந்து தண்ணீர், உப்புகள், சர்க்கரை, கழிவு எல்லாவற்றையும் முதலில் வெளியே தள்ளும். பிறகு உடம்புக்கு வேண்டியதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதைச் செய்வது நெஃப்ரான் என்ற மிக நுண்ணிய குழாய் அமைப்பு. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. ஒரு நாளைக்கு இவை வெளியே தள்ளுவது ஏறக்குறைய 180 லிட்டர். அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் மட்டும்தான் சிறுநீராகப் போகிறது, மீதி அத்தனையும் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. இந்த வேலை இரவு பகல் நிற்பதே இல்லை.

இதோடு முடியவில்லை. எலும்பு மஜ்ஜையிடம் "ரத்த அணுக்களை உண்டாக்கு" என்று சொல்லும் ஹார்மோனைச் சுரப்பதும், எலும்புக்குத் தேவையான வைட்டமின் டி-யைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றுவதும், ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதும் சிறுநீரகம்தான். கிட்னி கெட்டவர்களுக்கு ஏன் ரத்தசோகை வருகிறது, ஏன் பிரஷர் ஏறுகிறது என்று குழம்புகிறவர்களுக்கு பதில் இதுதான்.

ஆக, கழிவை நீக்குவது, தண்ணீரையும் உப்பையும் அளவாக வைப்பது, ஹார்மோன் வேலை என்று மூன்று பொறுப்புகள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், டயாலிசிஸ் இதில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

"சிறுநீர் நன்றாகத்தானே போகிறது?"

சித்தப்பா கடைசிவரை சொன்னது இதைத்தான். சிறுநீர் போவதும் சிறுநீரகம் வேலை செய்வதும் ஒன்றில்லை. தண்ணீர் வெளியே போகும், ஆனால் போக வேண்டிய கழிவு அதில் போதுமான அளவு இருக்காது. வலியும் பெரும்பாலும் இருக்காது. பாதிச் செயல்பாடு போன பிறகும் ஆள் நன்றாகவே நடமாடிக்கொண்டிருப்பார்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்று ஒரு வரி வரும். தசைகள் வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது, சிறுநீரகம் சரியாக இருந்தால் தினமும் வெளியேறிவிடும், வெளியேறாவிட்டால் ரத்தத்தில் ஏறும். ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தசை அதிகமுள்ள இளைஞருக்கும் மெலிந்த பாட்டிக்கும் கிரியாட்டினின் ஒரே 1.4 என்று வந்தால், பாட்டியின் சிறுநீரகம்தான் அதிகம் பழுதாகியிருக்கும். அதனால்தான் வயது, ஆணா பெண்ணா என்பது இவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு இஜிஎஃப்ஆர் என்று ஒரு எண் தருகிறார்கள். சிறுநீரகம் ஏறக்குறைய எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்பதற்கான மதிப்பெண் என்று இதை வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும்தான் இதற்கு முக்கியக் காரணங்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிற வலி மாத்திரைகளும் சேர்ந்துகொள்கின்றன. சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினினும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்துகொள்வது அவசியம். பெரிய செலவில்லை, தயவுசெய்து செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கடும் வயிற்றுப்போக்கு இதனாலெல்லாம் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகலாம். அது தற்காலிகமானது. சில வாரங்கள் டயாலிசிஸ் செய்து ஆளைக் காப்பாற்றிவிட்டால் சிறுநீரகம் பெரும்பாலும் தானே மீண்டுவிடும். "எங்க மாமாவுக்கு ஒரு மாசம் டயாலிசிஸ் பண்ணினாங்க, அப்புறம் சரியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், அது அநேகமாக இந்த வகை. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்ந்த சிறுநீரகம் அப்படித் திரும்பி வராது. கஷாயத்தாலும் வராது. நாங்கள் வேர்க் கஷாயத்தை நம்பி ஐந்து மாதம் டாக்டரிடமே போகவில்லை, அந்த இடைவெளியில் இஜிஎஃப்ஆர் 14-லிருந்து 6-க்கு இறங்கியிருந்தது.

கருவாடும் தண்ணீரும்

இப்போது டயாலிசிஸுக்கு வருவோம். கருவாட்டுக் குழம்பு வைக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த வேலை: உப்புக் கருவாட்டை வெந்நீரில் ஊறப்போடுவோம். கொஞ்ச நேரத்தில் கருவாட்டின் உப்பு தண்ணீருக்கு வந்துவிடும். உப்பு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத் தானாகவே நகர்கிறது. ஆனால் தண்ணீரும் உப்புக் கரித்துவிட்டால் அதற்குமேல் இறங்காது, தண்ணீரை மாற்ற வேண்டும். மீன் துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது, உப்பு மட்டும்தான் போகிறது. டயாலிசிஸின் அடிப்படை இவ்வளவுதான்.

கருவாட்டின் இடத்தில் ரத்தம். தண்ணீரின் இடத்தில் டயாலிசேட், அதாவது மிகச் சுத்தமான நீரில் உப்புகளைச் சரியான அளவில் கலந்த திரவம். இரண்டும் சந்திக்கும் இடம் டயாலைசர். ஏறக்குறைய ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் உருளை அது, உள்ளே முடி போன்ற பல்லாயிரம் மெல்லிய குழாய்கள். குழாய்களுக்குள் ரத்தம் ஓடும், வெளியே எதிர்த்திசையில் டயாலிசேட் ஓடிக்கொண்டே இருக்கும். ஊறவைத்த தண்ணீரை நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டே இருப்பதற்குச் சமம் இது. குழாயின் சுவரில் உள்ள நுண் துளைகள் வழியே யூரியா, கிரியாட்டினின், அதிகப்படியான பொட்டாசியம் எல்லாம் வெளியேறும். ரத்த அணுக்களும் புரதங்களும் பெரியவை, அந்தத் துளையில் நுழையாது. சரி, நல்ல உப்புகளும் போய்விடாதா? அதற்காகத்தான் டயாலிசேட்டில் அவற்றை முன்கூட்டியே தேவையான அளவில் கலந்து வைக்கிறார்கள், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நகராது. உடம்பில் தேங்கிய தண்ணீரை மட்டும் இயந்திரம் அழுத்த வித்தியாசத்தால் இழுத்து எடுக்கிறது.

ஒருமுறை உட்கார்ந்தால் நான்கு மணி நேரம், வாரம் மூன்று முறை என்பது வழக்கமான கணக்கு. நிமிடத்துக்கு அரை லிட்டர் டயாலிசேட் ஓடுவதால் ஒருவருக்கு ஒருமுறைக்கே 120 லிட்டர் வேண்டும், அதாவது வீட்டுக்கு வாங்குகிறோமே 20 லிட்டர் கேன், அதில் ஆறு. உடம்பிலுள்ள ரத்தம் முழுவதையும் வெளியே எடுத்துவிடுவார்கள் என்று சித்தி பயந்து அழுதாள். எந்த நேரத்திலும் வெளியே இருப்பது கால் லிட்டர் அளவுதான், போகப் போகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

நடைமுறையில் பயன்படும் டயாலிசிஸ் இயந்திரத்தை முதலில் உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லம் கோல்ஃப் என்ற மருத்துவர். 1943-ல், நாடு நாஜிகளின் பிடியில் இருந்தபோது, இறைச்சிப் பண்டத்துக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயை ஒரு மர உருளையில் சுற்றி உப்பு நீரில் சுழலவிட்டு இயந்திரம் செய்தார். முதலில் வந்த நோயாளிகள் பலர் பிழைக்கவில்லை. 1945-ல்தான் ஒரு பெண்மணி பிழைத்து எழுந்தார். கோல்ஃப் விட்டுவிடாமல் இருந்ததால்தான் சித்தப்பா மாதிரி லட்சக்கணக்கானவர்கள் இன்று வீட்டில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கையில் ஏன் ஆபரேஷன்?

நிமிடத்துக்கு 300 மில்லி ரத்தத்தை எடுக்க வேண்டும். சாதாரண நரம்பிலிருந்து, அதாவது நாம் ஊசி போடும் சிரையிலிருந்து, அவ்வளவு வேகமாக வராது. அதனால் கையில் ஒரு சிரையைத் தமனியோடு இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தம் சிரைக்குள் பாய்ந்து பாய்ந்து அது தடித்துப் பெரிதாகும். இந்த இணைப்புதான் ஃபிஸ்டுலா. (பௌத்திரத்துக்கும் ஃபிஸ்டுலா என்றே சொல்வதால் எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்கக் குழப்பம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.)

முக்கியமான விஷயம், ஃபிஸ்டுலா போட்டவுடன் பயன்படாது. பக்குவமாக ஆறு வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஆகவே டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்த உடனேயே போட்டு வைக்க வேண்டும். "இப்பவே எதுக்கு கையைக் கீறணும்" என்று தள்ளிப்போட்டோம். கடைசியில் ஒரு நள்ளிரவில் மூச்சு வாங்கி, படுக்க முடியாமல், அவசரமாகக் கழுத்துச் சிரையில் குழாய் போட வேண்டி வந்தது. அந்தக் குழாயில் கிருமி தொற்றி மீண்டும் காய்ச்சல், மீண்டும் அட்மிஷன். ஃபிஸ்டுலா உள்ள கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. விரலை வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றிருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

168 மணி நேரத்தில் 12

வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனையிலும் வேலை செய்கிறது. டயாலிசிஸ் செய்வது 12 மணி நேரம். குப்பை வண்டி வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வரும் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள், வண்டி வராத நாட்களில் வீட்டில் குப்பையைக் குறைவாகச் சேர்த்தால்தான் சமாளிக்க முடியும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு எதற்கு என்பது இதிலிருந்தே புரிந்துவிடும்.

பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றே போகலாம். உடம்புக்கு நல்லது என்று அன்போடு சீவிக் கொடுக்கும் இளநீர் இவர்களுக்கு ஆபத்து, காரணம் அதில் பொட்டாசியம் மிக அதிகம். வாழைப்பழம், பழச்சாறு, கீரைச் சாறும் அப்படித்தான். காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள். தண்ணீரும் அளவுதான். குழம்பு, ரசம், மோர், காபி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். "நிறையத் தண்ணி குடி, கிட்னி சுத்தமாகும்" என்பது கல் வந்தவர்களுக்குச் சொல்லும் அறிவுரை, செயலிழந்தவர்களுக்குச் சொன்னால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டயாலிசிஸ் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு, சிஏபிடி என்று பெயர். வயிற்றுக்குள் குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வையே வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். நிரந்தரக் குழாய் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வடித்து, புதிதாக விடுவது, தினமும் மூன்று நான்கு முறை. இயந்திரமும் வேண்டாம், பயணமும் வேண்டாம், கைச்சுத்தம் மட்டும் கடுமையாக வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதற்கான திரவப் பைகளையும் வீட்டுக்குத் தருகிறார்கள். தொலைதூரக் கிராமத்தில் இருப்பவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், டயாலிசிஸ் கழிவையும் தண்ணீரையும் ஓரளவு எடுக்கிறது, அதுவும் நல்ல சிறுநீரகம் செய்வதில் ஒரு சிறு பங்குதான். ஹார்மோன் வேலையைச் செய்வதில்லை. ரத்தம் ஊறுவதற்குத் தனியாக ஊசி போட வேண்டும். சிறுநீரகத்தைக் குணப்படுத்துவதும் இல்லை. ஆனால் உயிரைத் தாங்கி நிற்கிறது, ஒழுங்காகச் செய்துகொண்டு பல வருடங்கள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மாற்று ஏன் தேவை?

வாரத்துக்கு மூன்று முறை உடம்பு வீங்கி, மூன்று முறை வற்றுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வருடக்கணக்கில் தாங்குவது இதயம்தான். டயாலிசிஸில் இருப்பவர்கள் அதிகமாக இறப்பதும் இதய நோயால்தான். நன்றாக இயங்கும் ஒரு சிறுநீரகம் பொருத்தப்பட்டால் மூன்று பொறுப்புகளும் நாள் முழுக்க நடக்கும். அதனால்தான் உடல் தகுதி உள்ளவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சையே மேலானது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், கொடுப்பவர் தயாராக இருந்தால் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே கூடச் செய்யலாம். தீராத தொற்று, புற்றுநோய், மிக பலவீனமான இதயம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

பழைய சிறுநீரகங்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதியதை வைப்பார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரும்பாலும் பழையவற்றைத் தொடுவதே இல்லை. புதியதை அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் வைத்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாய்களோடு இணைத்து, சிறுநீர்க் குழாயைச் சிறுநீர்ப்பையோடு தைக்கிறார்கள். வெளியே வரும்போது அவருக்கு மூன்று சிறுநீரகங்கள்.

தைப்பதைவிடப் பெரிய சவால், உடம்பு ஏற்றுக்கொள்வது. நம் நோய் எதிர்ப்புச் சக்தி ஊர்க்காவல் மாதிரி, அறிமுகமில்லாத எதைப் பார்த்தாலும் தாக்கும், வந்தவர் உதவ வந்தவர் என்பது அதற்குத் தெரியாது. உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் முர்ரே என்ற மருத்துவரின் கையால் நடந்தது, அது வெற்றி பெற்றதற்குக் காரணம் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மாதிரியான இரட்டையர்கள், உடம்புக்கு அந்நியம் தெரியவில்லை. மற்றவர்களுக்கு இந்தக் காவலை அடக்கி வைக்க மருந்து வேண்டும், டாக்ரோலிமஸ் போன்றவை. சிறுநீரகம் வேலை செய்யும் காலம் முழுக்க, ஒரு வேளைகூடத் தவறாமல், சாப்பிட வேண்டும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தி, அம்மா கொடுத்த சிறுநீரகத்தை இழந்த ஒரு தம்பியை டயாலிசிஸ் வார்டில் பார்த்தேன். மருந்தால் கிருமித் தொற்று சுலபமாக வரும், சிலருக்குச் சர்க்கரையும் வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆயுள் உண்டு, பத்து, பதினைந்து, சிலருக்கு இருபது வருடங்களுக்கு மேல். அதனால் மாற்று என்பதும் ஒரு சிகிச்சை, நோய் முழுவதும் தீர்ந்ததாக ஆகாது.

எம்.ஜி.ஆரை நினைவிருக்கும். 1984 அக்டோபரில் உடல்நலம் குன்றி, நியூயார்க்கின் புரூக்ளினில் அதே டிசம்பரில் அவருக்கு மாற்று நடந்தது, சிறுநீரகம் தந்தது அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. அதற்குப் பிறகு 1987 டிசம்பரில் மறையும் வரை முதலமைச்சராகவே இருந்தார். இதற்கு அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்று அப்போது மக்கள் மனதில் பதிந்துவிட்டது, ஆனால் 1971-லேயே வேலூர் சி.எம்.சி.யில் மாற்று வெற்றிகரமாக நடந்திருந்தது. இன்று அரசு மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது.

யார் கொடுப்பது?

1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அதன் 2011 திருத்தமும் சொல்கிறபடி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன், மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் நெருங்கிய உறவாகக் கொடுக்கலாம். மற்றவர்கள் என்றால் ஒப்புதல் குழு விசாரிக்கும். பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் குற்றம். பொதுவாக ரத்த வகை பொருந்த வேண்டும். வீட்டில் பொருந்தாவிட்டால், இதே நிலையிலுள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளவும் சட்டம் வழி தருகிறது.

ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிஞ்சிய ஒன்று தன் வேலையைக் கூட்டிக்கொள்ளும். கடுமையான பரிசோதனைகளுக்குப் பிறகே எடுப்பார்கள், அதன்பின் வருடந்தோறும் கொடுத்தவரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். நம் நாட்டில் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் அம்மாவும் கொடுத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சுலபமாக எடுத்துக்கொள்கிறோம், தங்கைக்கு வந்தால் அண்ணன் முன்வருகிறானா என்பதை ஒவ்வொரு வீடும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இன்னொரு வழி, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெறுவது. மூளை மீளவே முடியாதபடி நின்றுபோய், கருவியால் மட்டும் மூச்சு ஓடும் நிலை இது. கோமா வேறு, கோமாவிலிருந்து மீளலாம், இதிலிருந்து முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிக்கும். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த பதினைந்து வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானம் செய்ததை தமிழ்நாடே பார்த்தது, அதன் பிறகுதான் சாதாரண வீடுகளிலும் இந்தப் பேச்சு வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அரசு அறிவித்தது. தான அட்டை வாங்கியிருந்தாலும் அந்த நேரத்தில் கேட்பது குடும்பத்தாரிடம்தான், ஆகவே உங்கள் விருப்பத்தை இன்றே வீட்டில் சொல்லி வையுங்கள்.

சித்தியின் ரத்த வகை பொருந்தவில்லை, தம்பிக்குச் சர்க்கரை. சித்தப்பா மருத்துவமனை வழியாகக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்திருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறார். கிளம்பும் முன் இடது கையைக் காதோடு வைத்து அந்த விர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சித்தியிடம் "ஓடுது" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.